தடம் விழாத தரை

எங்கள் சிலம்ப வாத்தியார் பயிற்சி தொடங்கும் முன் ஒரு தென்னை விளக்குமாற்றை எடுத்துத் தரையைக் கூட்டுவார். ஊருணிக் கரையில் செம்மண் தரை. சாயங்கால வெயிலில் கூட்டினது கோடு கோடாகத் தெரியும். நாங்கள் வணக்கம் வைத்து, காலை எடுத்து வைக்கும் முறையான காலடியைப் போட்டு முடித்ததும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். "இங்க எவன்டா குதிகால் ஊனினது?" என்பார். யாரும் வாய் திறக்காவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். எந்தக் கால் எவனுடையது என்று அவருக்குத் தெரியும். சிலம்பத்தில் கம்பைப் பார்ப்பவன் வேடிக்கை பார்க்க வந்தவன், காலைப் பார்ப்பவன்தான் கத்துக்க வந்தவன் என்று அடிக்கடி சொல்வார்.

நான் அங்கே சேர்ந்தது 1994இல். அப்போது எனக்குப் பதினொரு வயது. விட்டு வந்தது 2024 ஐப்பசியில். நடுவில் முப்பது வருடம். அந்தக் கடைசி மூன்று வருடத்தில் 'போகலாமா, இருக்கலாமா' என்று நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் சிலரை எனக்குத் தெரியும். கம்பு என்றில்லை, கராத்தே, குத்துச்சண்டை, பரதம் என்று எதுவாக இருந்தாலும் குழப்பம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஊர் காரைக்குடியை ஒட்டிய ஒரு செட்டிநாட்டு ஊர். வாத்தியார் தொழிலில் கொத்தனார். பழைய செட்டிமார் வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த கடைசிக் கைகளில் ஒன்று. பகலில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சைக் கல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார், மாலையில் எங்களைத் தேய்ப்பார். மாதக் கட்டணம் என்று கிடையாது. தீபாவளிக்கு வேட்டி துண்டு, ஆயுத பூஜைக்குத் தட்டில் வைப்பது, அவ்வளவுதான். முதல் ஏழு மாதம் என் கையில் கம்பே தரவில்லை. வெறும் காலடி. அப்பாவிடம் போய் அழுதிருக்கிறேன்.

2019இல் அவருக்கு மூட்டு போய்விட்டது. அடுத்த வருடம் கொரோனா ஊரடங்கு. எல்லாம் திறந்த பிறகு, எங்களுடன் படித்த ஒருவர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். என்னைவிட மூன்று வயது இளையவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகளுக்கு அவர் சின்ன வாத்தியார். ஊருணிக் கரையில் விளக்கு இல்லை, மழை வந்தால் நிற்க இடமில்லை, பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் யோசிக்கிறார்கள் என்று சொல்லி ஒரு பழைய வீட்டின் முகப்பு ஹாலை வாடகைக்குப் பிடித்தார். காரணம் எல்லாம் நியாயம்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பார்க்க அழகு. ஆனால் வியர்வை பட்டால் வழுக்கும். அதைவிட முக்கியம், அதில் தடம் விழாது. யார் குதிகால் ஊன்றினார்கள் என்று அந்தத் தரையில் யாருக்கும் தெரியாது. இது எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆயிற்று.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் கேலோ இந்தியா போட்டி நடந்தது, சிலம்பம் அதில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பையில் ஏற்கெனவே வந்துவிட்டது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் சிலம்பம் இருக்கிறது. நல்ல செய்திதான், நாங்கள் எல்லோரும் கொண்டாடினோம். அடுத்த மாதமே பிள்ளைகள் கூட்டம் கூடியது. முப்பது பேர் இருந்த இடத்தில் நூற்றைத் தாண்டியது.

அப்புறம்தான் பெல்ட் வந்தது. மஞ்சள், பச்சை, நீலம் என்று. பெல்ட் என்பது ஜப்பானில் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1880களில் கறுப்புக் கச்சையில் தொடங்கி வைத்த வழக்கம். கராத்தே அதை எடுத்துக்கொண்டது. கம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய வாத்தியாரிடம் சொன்னபோது, "இடுப்புல துண்டு கட்டத்தான் நானும் சொல்லிக் குடுத்தேன், கலர்தான் சொல்லல" என்று சிரித்தார். பெல்ட் தேர்வுக்கு ஆளுக்கு 600 ரூபாய். சான்றிதழ் எங்கே அச்சானது? என் கடையில்தான்.

ஆமாம், காரைக்குடியில் எனக்கு டிஜிட்டல் அச்சுக் கடை இருக்கிறது. எங்கள் சிலம்பப் பள்ளியின் பிளக்ஸ், டி-சர்ட் அச்சு, சான்றிதழ் எல்லாம் என்னிடம்தான். ஒரு சான்றிதழ் கெட்டி அட்டையில் அடித்துக் கொடுக்க எனக்குப் பதினொரு ரூபாய் அடக்கம், பதினெட்டுக்குக் கொடுத்தேன். குறை சொல்கிற இடத்தில் நானும் காசு பார்த்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே வருவதற்கு எனக்கு இத்தனை நாள் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

2024 மே மாதம் 'உலக சாதனை' நடந்தது. இந்தப் பக்கத்தில் இப்போது இது பெரிய திருவிழா. ஒரு தனியார் சாதனை நிறுவனம் வரும், கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் உட்காருவார், பிள்ளைகள் ஒரு மணி நேரம் நிற்காமல் கம்பு சுற்ற வேண்டும், முடிந்ததும் எல்லோருக்கும் மெடல், கேடயம், சான்றிதழ். ஆளுக்கு 1,200 ரூபாய். நூற்று நாற்பது பிள்ளைகள். கத்திரி வெயில். காலை ஏழு மணிக்கு என்று சொல்லி, சிறப்பு விருந்தினர் வர ஒன்பதரை ஆயிற்று. இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். ஒருத்தி எழுந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு மெடல் உண்டா அண்ணே?"

அதற்கு முந்தின ராத்திரி கடையில் உட்கார்ந்து பெயர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் ஒரு ஆறு வயதுப் பையன். அவன் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அட்டையில் 'உலக சாதனையாளர்' என்று போட்டிருந்தது. பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன். பிழையைத் திருத்திவிட்ட நிம்மதியில் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன் என்பதுதான் எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சான்றிதழ் படிப்புக்கோ வேலைக்கோ உதவும் என்று பல பேர் நம்பித்தான் பணம் கட்டுகிறார்கள். நான் பிறகு சிவகங்கையில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கீகாரம் உள்ள சங்கங்களும் அரசும் நடத்தும் போட்டிகளில் வாங்கியதைத்தான் பார்ப்பார்களாம், சாதனை நிகழ்ச்சிச் சான்றிதழ் கணக்கிலேயே வராது. பணம் கட்டும் முன் ஒருதரம் அங்கே போய்க் கேட்டுவிடுங்கள். ஆசைக்காகக் கலந்துகொள்வது வேறு, பிள்ளை மேடை ஏறிப் பழகட்டும் என்று விட்டால் அதில் தப்பில்லை. ஒதுக்கீடு என்று நம்பி ஏமாறக் கூடாது.

ஜூன் மாதம் ஒரு பையனுக்குப் புருவம் கிழிந்தது. நாலு தையல். பக்கத்தில் நின்ற பிள்ளையின் கம்பு. ஹாலில் யாரும் பெரிதாக அதிரவில்லை, 'விளையாட்டுன்னா அடி படும்' என்று பேசி முடித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு பிள்ளை கையை நீட்டிக் கம்பு சுற்றினால் எந்தப் பக்கமும் நாலடி போகும். அதாவது ஆளுக்கு எட்டடி வட்டம் வேண்டும். ஹால் நாற்பதுக்கு முப்பது அடி. நீளத்தில் ஐந்து பேர், அகலத்தில் மூன்று பேர், ஆகப் பதினைந்து பிள்ளைகள். அன்றைக்கு அங்கே நின்றது நாற்பத்தைந்து பேர். விளையாட்டில் படுகிற அடி வேறு, இடம் போதாமல் படுகிற அடி வேறு. உங்கள் பிள்ளை போகும் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அன்று ராத்திரி மனைவியிடம் "விட்டுடலாம்னு இருக்கேன்" என்றேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள், "நீங்க வாத்தியாரா வரலாம்னு பாத்தீக. அவுக வந்துட்டாக. அந்தக் கோவமான்னு மொதல்ல பாருங்க."

சுருக்கென்றது. ஏனென்றால் பாதி உண்மை. பெரிய வாத்தியார் ஒதுங்கியபோது என்னைக் கூப்பிடுவார் என்று நான் நினைத்தது நிஜம். கடையை விட்டு வர முடியாது என்று நானே சொன்னதும் நிஜம். அப்படியானால் பள்ளி சரிந்துவிட்டதா, அல்லது எனக்குப் பிடிக்காத ஆள் நடத்துவதால் சரிந்ததுபோலத் தெரிகிறதா? நல்லெண்ணத்துடன் விலகுகிறவர்கள்கூட இந்தக் கேள்வியைத் தாண்டாமல் போகக் கூடாது என்று நினைக்கிறேன். நானும் இந்த இடத்தில்தான் நாலு மாதம் நின்றேன்.

அதற்கு நான் செய்த வழி சின்னது. கடையில் கிடந்த ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் எழுதினேன். 'மோசம்', 'கேவலம்' மாதிரியான சொல் எதுவும் எழுதக் கூடாது, எண்கள் மட்டும்தான் என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். தொண்ணூறு நிமிட வகுப்பில் எத்தனை நிமிடம் எதற்குப் போனது, அங்கேயே படிக்கும் என் மகளை எத்தனை தடவை யாராவது திருத்தினார்கள், இரண்டு பேர் எதிரெதிரே நின்று கம்பு போட்டது எத்தனை நிமிடம். பதினொரு ஞாயிறு எழுதினேன்.

சராசரியாக இருபது நிமிடம் வருகைப் பதிவும் அறிவிப்பும். பதினைந்து நிமிடம் வீடியோ எடுக்க வரிசை மாற்றி நிற்பது. நாற்பது நிமிடம் பாட்டுக்கு ஒன்றாகச் சுற்றுவது. காலடி ஐந்து நிமிடம், அதுவும் உடம்பு சூடாவதற்கு. பதினொரு வாரத்தில் என் மகளுக்குக் கிடைத்த திருத்தம் இரண்டு. அதில் ஒன்று டி-சர்ட்டை உள்ளே விடச் சொன்னது. எதிர்க் கம்பு, சுழியம்.

எனக்கு அந்தச் சுழியம் போதுமாக இருந்தது. ஊருணிக் கரையில் நாங்கள் கம்பு நுனியில் கரி பூசிக்கொண்டு நிற்போம். முடிந்ததும் எவன் சட்டையில் எத்தனை கறுப்பு என்று எண்ணுவார்கள். நெற்றியில் பொட்டு விழுந்தால் அன்றைக்கு அவன் தலை கவிழ்ந்துதான் வீட்டுக்குப் போவான். அடி விழும் என்ற பயத்தில்தான் கால் ஒழுங்காக நகரும். வீச்சு, குத்து, வாரல் என்கிற அடிமுறை எல்லாம் எதிரே ஒருவன் இருப்பதால் வந்தவை. எதிரே யாரும் இல்லாமல் சுற்றுவதற்கு அலங்காரச் சிலம்பம் என்று பெயர் உண்டு. அதுவும் இதே மரபில் வந்த ஒன்றுதான், நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது ஒன்றை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு 'தற்காப்பு' என்று பிளக்ஸ் அடிக்கக் கூடாது. அந்தப் பிளக்ஸையும் நான்தான் அடித்தேன், சரி.

நோட்டில் சில விஷயங்களை எழுதிவிட்டுப் பிறகு அடித்தேன். கட்டணம் ஏறியது, பாட்டு போடுவது, எல்இடி கம்பு, சீருடை. இவையெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காததெல்லாம் சரிவு ஆகாது. பெண் பிள்ளைகள் பாதிக்கு மேல் வருகிறார்கள் என்பது எங்கள் காலத்தில் நடக்காதது, அது அந்த ஹாலால்தான் நடந்தது. ஐம்பது வயது ஆட்கள் 'எங்க காலத்துல' என்று ஆரம்பிப்பதில் பாதி, முழங்கால் வலிதான் பேசுகிறது.

இன்னொன்றும் செய்தேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கூடத்துக்கு இரண்டு தடவை போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நான் நினைத்த மாதிரி சொர்க்கமெல்லாம் இல்லை. எதிர்க் கம்பு நன்றாக நடந்தது, ஆனால் சின்னப் பிள்ளைகளை அந்த வாத்தியார் கம்பாலேயே தட்டினார். அது எனக்கு ஒத்துவராது. ஆனாலும் போனது நல்லது. மனசுக்குள் ஒரு கற்பனைக் கூடத்தை வைத்துக்கொண்டு இருக்கிற கூடத்தை அளந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து, செல்போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்து, என் காலடியையே வீடியோ எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம். பள்ளி மட்டும் சரியவில்லை.

ஆவணி மாதம் சின்ன வாத்தியாரைத் தேநீர்க் கடைக்குக் கூப்பிட்டேன். ஹாலில் வைத்துப் பேசவில்லை, பிள்ளைகள் முன்னால் பேசினால் அவர் வாத்தியாராகத்தான் பதில் சொல்ல முடியும். வாட்ஸ்அப்பிலும் எழுதவில்லை. புலம்பாமல் மூன்றே மூன்று விஷயம் கேட்டேன். பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்து நேரம் கொடுப்பது, வாரத்தில் ஒரு நாள் பிரம்புக் கம்பும் தலைக்கவசமும் வைத்து எதிர்க் கம்பு, எட்டு வயதுக்குக் கீழே சாதனை நிகழ்ச்சி வேண்டாம்.

அவர் கோபப்படவில்லை. வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணே, நீங்க ஏழு மாசம் காலடி போட்டீக. இப்ப மூணாவது வாரம் பிள்ளை நின்னுடும். கம்பு சுத்துனாத்தான் தாய் தகப்பன் வீடியோ எடுப்பாக. ஹால் வாடகை ஒம்பதாயிரம். பெரிய வாத்தியாருக்கு மாசம் நாலாயிரம் குடுக்குறேன், மாத்திரைக்கு. அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. இருபத்தைந்து வருடம் அவரிடம் படித்தவன் நான். தீபாவளி வேட்டியோடு என் கடமை முடிந்தது என்று இருந்திருக்கிறேன். நான் கேலி செய்த பெல்ட் பணத்தில்தான் அவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். அந்தத் தேநீர்க் கடையில் எனக்குப் பேச்சே வரவில்லை.

முதல் கோரிக்கையை ஏற்றுக்கொண்டார். இரண்டு வாரம் பிரித்து நடத்தினார், நன்றாகவே இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி வந்தது, நாற்பது பிள்ளைகள் ஒரே மேடையில் வேண்டும் என்றார்கள், பழையபடி எல்லோரும் ஒன்றாக. எதிர்க் கம்பு தொடங்கவே இல்லை. கேட்டதற்கு, "விழா முடியட்டும்ணே" என்றார். எங்கள் பக்கத்தில் விழா முடிகிற மாதம் எது என்று சொல்லுங்கள். மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் பால்குடம், அப்புறம் ஊர் ஊராகச் செவ்வாய்த் திருவிழா, ஆடி, புரட்டாசி, ஐப்பசியில் மருது பாண்டியர் நினைவு நாள்.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரு வழியில் பள்ளியை உயிரோடு வைத்திருக்கிறார். எனக்கு வேண்டியது அங்கே கிடைக்காது. இந்த இரண்டையும் சேர்த்து மனசில் வைத்துக்கொள்ள முடிந்த அன்றுதான் முடிவு எடுத்தேன். அதுவரை அவரைக் கெட்டவராக்கினால்தான் வெளியே வர முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வாத்தியாரைப் பார்க்கப் போனேன். வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு, ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாம் சொல்லி, "நீங்க உத்தரவு குடுத்தா வெளிய வந்துரலாம்னு இருக்கேன்" என்றேன்.

"என்னையக் கேட்டா சேந்த? உங்கப்பன்ல கொண்டாந்து விட்டான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. அவர் சொல்லிக்கொண்டே போனார். அவருக்கே மூன்று வாத்தியார்கள். முதல் ஆள் நல்ல கை, ஆனால் குடி. இரண்டு வருடம் பொறுத்துவிட்டு விலகினாராம். இரண்டாவது ஆள் வெறுங்கையால் போடும் குத்துவரிசை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கம்பைத் தள்ளித் தள்ளிப் போட்டார். மூன்றாவது ஆளிடம்தான் தங்கினார். இதை முப்பது வருடத்தில் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. நாங்களும் அவர் வானத்திலிருந்து நேரே குதித்து வந்த மாதிரி நினைத்துக்கொண்டிருந்தோம்.

"போறவன் ஒன் கம்ப எடுத்துக்கிட்டுப் போ. பிள்ளைகள எடுத்துக்கிட்டுப் போகாத" என்றார். பிறகு, "அவன் குடுக்குற நாலாயிரத்தப் பத்தி நீ யோசிக்காத. அது அவனுக்கும் எனக்கும்" என்றார். யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்த மாதத்திலிருந்து நானும் ஒரு தொகை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முதல் தடவை வாங்க மாட்டேன் என்றார். அடுத்த தடவை, "அச்சாபீஸ்ல அவ்வளவு வருதா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 24, மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட நாள், 1801இல். அன்றைய நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் இரண்டு மாதம் தயாராகியிருந்தார்கள். நடுவில் விட்டு வந்தால் வரிசை குலையும். அதனால் அது முடியும் வரை இருந்தேன். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு அரை மணி முன்னதாகப் போய், சின்ன வாத்தியாரிடம் நேரில் சொன்னேன். அவர் நின்ற நிலையில் நின்றார். "எதாச்சும் சொல்லிட்டாங்களா அண்ணே?" என்று கேட்டார். இல்லை என்றேன். கை கொடுத்தோம். அவர் கடைக்குத் தர வேண்டியிருந்த 7,400 ரூபாயை அப்போது கேட்கவில்லை. விலகுகிற நாளில் பாக்கி கேட்டால் விலகியதற்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடும். இரண்டு மாதம் கழித்து அவரே இரண்டு தவணையாகக் கொடுத்தார். அச்சு வேலை அதன்பிறகு வேறு கடைக்குப் போய்விட்டது. மாதம் நாலைந்தாயிரம் குறைந்தது, நான் எதிர்பார்த்ததுதான்.

பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரி போட்டுவிட்டு வெளியே வந்தேன்: 'இத்தனை வருடம் உடன் பயின்ற எல்லோருக்கும் நன்றி. இனி வீட்டில் பயிற்சி செய்கிறேன்.' முதலில் எழுதிய வரைவு ஒன்றரைப் பக்கம் இருந்தது. மனைவி படித்துவிட்டு, "யாருக்கு இது?" என்றாள். அழித்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து போன். முதல் இரண்டு பேரிடம் 'நேரம் ஒத்துவரலை' என்று சொன்னேன். மூன்றாவதாகக் கூப்பிட்டது புருவம் கிழிந்த பையனின் அம்மா. "அண்ணே, நான் இவன அனுப்பவா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அவரிடம் நேரம் ஒத்துவரலை என்று சொல்ல வாய் வரவில்லை. எட்டடி வட்டக் கணக்கைச் சொன்னேன், ஓரத்து வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், கூட்டம் குறைவான செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு அனுப்புங்கள் என்றேன். அப்புறம் அதையே ஒரு வழக்கமாக வைத்துக்கொண்டேன். வம்புக்குக் கேட்டவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆபத்து உண்டா என்று கேட்டவர்களிடம் தெரிந்ததை முழுக்கச் சொன்னேன். ஐந்தாறு பேர், 'நீங்க ஆரம்பிங்கண்ணே, நாங்க வர்றோம்' என்றார்கள். ஆசை வந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. வாத்தியார் சொன்னது காதில் இருந்ததால் மறுத்தேன்.

இதில் நான் எதிர்பார்க்காதது என் மகள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு. நான் விலகினால் அவளும் வருவாள் என்று எடுத்துக்கொண்டேன், கேட்கவே இல்லை. "நான் எதுக்கு வரணும்? எனக்கு அங்கதான பிரெண்ட்ஸ் இருக்காங்க" என்றாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் யோசித்தால், என்னுடைய முப்பது வருடத்தில் கம்பு எவ்வளவு, கூட்டாளிகள் எவ்வளவு? ஊருணிப் படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றதும், சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வாத்தியார் எங்களைக் கூட்டிப்போய் 'மாட்டப் பாக்காதீகடா, பிடிக்கிறவன் காலப் பாருங்க' என்று சொன்னதும்தானே மனசில் நிற்கிறது. சரி, இரு என்றேன். சாதனை நிகழ்ச்சி வேண்டாம், ஓர வரிசையில் நிற்க வேண்டும், தரை ஈரமாக இருந்தால் கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று மூன்று நிபந்தனை. அடுத்த கோடை வரை போனாள். வாராவாரம் நான்தான் வாசலில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகாமல் வண்டியைத் திருப்புவதற்குப் பழக ரொம்ப நாள் ஆயிற்று. சின்ன வாத்தியார் பார்த்தால் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன்.

வீட்டுக் கொல்லையில் வேப்ப மரத்தடியைச் செதுக்கிச் சமப்படுத்தினேன். இரண்டு டிராக்டர் செம்மண் அடித்து, தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்தேன். பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் புதனும் சனியும் விடிகாலையில் வருகிறார்கள், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் வங்கியில் இருக்கிறார். மூன்று கிழவன்கள் பிரம்புக் கம்பும் கிரிக்கெட் தலைக்கவசமுமாக நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆச்சி முதல் வாரம் பயந்துவிட்டார். கட்டணம் இல்லை, பெயர்ப் பலகை இல்லை. தனியாகப் பயிற்சி செய்து பார்த்தேன், இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. வெளியே வருவதற்கு முன் எதிரே நிற்க ஒரு ஆளையாவது பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கம்பு மூலையில்தான் நிற்கும்.

போன தை மாதம் பெரிய வாத்தியாரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றியபடி கொல்லைப் பக்கம் போனார். காலையில் நானும் மகளும் கூட்டிவிட்டுக் காலடி போட்டிருந்தோம், தடம் அப்படியே கிடந்தது. அவள் கொஞ்ச நாளாக விடிகாலையில் எழுந்து வந்து ஓரமாகப் போட ஆரம்பித்திருந்தாள். வாத்தியார் குனிந்து பார்த்துக்கொண்டே மெதுவாக ஒரு சுற்று நடந்தார். ஓரிடத்தில் நின்று கைத்தடி நுனியால் ஒரு தடத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இங்க எவன்டா குதிகால் ஊனினது?"

என் மகள் யோசிக்கவே இல்லை. என்னைக் கை காட்டினாள்.